கம்பியில் ஏறிய பாட்டு

ஐம்பத்தைந்தாம் வருஷம் குற்றாலத்தில் சீசன் முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஆனி பிறந்த வாரமே மலையை மேகம் மூடிக்கொண்டது. சாரல் கீழே விழுகிறதா, காற்றிலேயே நின்றுகொண்டிருக்கிறதா என்று தெரியாதபடி ஊர் முழுக்க ஒரு வெள்ளைப் புகை. அந்த வருஷந்தான் மெட்ராஸிலிருந்து ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்காரர்கள் வந்து, பேரருவிக்குப் போகும் வழியில் கொட்டகை போட்டுப் பாட்டுப் போட்டி நடத்தினார்கள். முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. ஜெயிப்பவர்களுக்குச் சினிமாவில் பாடச் சந்தர்ப்பம் உண்டு என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பக்கத்து ஊரான மேலகரத்து டெய்லர் ஆசீர்வாதத்தின் மகள் ரெபேக்காள் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். அதைத் தவிர வேறெங்கும் பாடியதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் அப்பாதான். கொடுத்துவிட்டு, ஒரு நீலப் பட்டுத் துணியில் ஜாக்கெட் தைத்து அவள் கையில் வைத்த பிறகுதான் விஷயத்தையே சொன்னார்.

மேடையில் ஏறி நின்றபோது, கொட்டகைக்குப் பின்னால் அருவி விழுகிற ஓசையில் ரெபேக்காளுக்குத் தன் குரலே கேட்கவில்லை. மைக்கில் போகிறதா என்பதும் தெரியவில்லை. யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் வந்ததும் பயம் போய்விட்டது. ஆளில்லாத வீட்டில் துணி மடித்துக்கொண்டே பாடுவதுபோலப் பாடினாள். பாட்டு முடிந்தபோது எதிரே கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. குடை விரித்தவர்கள் விரித்தபடி, சுண்டலை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் கொண்டுபோனபடி. கைதட்டல் எழுந்தபோது, அருவியில்தான் தண்ணீர் கூடிவிட்டதாக்கும் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

கோப்பை அவளுக்குக் கிடைத்தது. அந்தப் போட்டி மேற்கொண்டு மூன்று சீசனுக்கு நடந்தது. அடுத்த வருஷம் ஜெயித்த முத்துக்குமாரசாமி செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராகி, ஊர்ப்பெயர்களையெல்லாம் ராகம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வருஷம் ஜெயித்த விஜயம் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய்விட்டாள். அங்கே மராத்திக்கார அண்டை வீட்டாருக்கு நடுவில் தமிழ்ப் பாட்டைப் படித்தால் யார் கேட்பார்கள் என்று அவள் அம்மா கடைத்தெருவில் வருத்தப்படுவாள். கடைசி வருஷம் ஜெயித்தவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. ரெபேக்காள் ஒருத்திதான் மெட்ராஸ்வரை போனாள்.

பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கினாள். தைலக் கம்பெனிக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்; ஸ்டூடியோவுக்குள் அழைத்துப்போய் விட்டார். அங்கே கோரஸில் பத்துப் பெண்களோடு ஒருத்தியாக நின்றாள். தோழிகள் பாட்டு, ஓடக்காரர்கள் பாட்டு, நாற்று நடுகிறவர்கள் பாட்டு. ஒரே ஒருமுறை தனியாகப் பாடக் கொடுத்தார்கள். பாடி முடித்ததும் ஃபிடில்காரர் ஒருவர் வில்லால் ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டினார். அந்தப் படம் பாதியிலேயே நின்றுபோனது. பாட்டு எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் டிரங்குப் பெட்டியோடு தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள்.

அவள் அழுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. தூங்கினாள். சாரல் ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பகலிலும் தூங்கினாள். எழுந்தபிறகு, தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"நல்ல தெளிவான சத்தமா இருக்கணுமாம்ட்டி. ஒனக்கு அது இருக்குல்லா?"

"அதுக்குத்தான் மெட்ராஸ் போயிட்டு வந்தேன் போல" என்று சொல்லிவிட்டு ரெபேக்காள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்பாவுக்கு அதுவே போதும்.

எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு சிறிய அறை. சுவரை ஒட்டி போர்டு. அதில் வரிசையாக ஓட்டைகள். யாராவது போனைச் சுழற்றினால் அவர்கள் நம்பருக்கு மேலே ஒரு சின்னத் தகடு 'டக்'கென்று விழும். உடனே அந்த ஓட்டையில் கம்பிக் கயிற்றைச் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். கேட்ட நம்பருக்கு இன்னொரு கயிற்றைச் செருக வேண்டும். வெளியூர் என்றால் திருநெல்வேலியைக் கூப்பிட்டு, மதுரையைப் பிடித்து, அங்கிருந்து மெட்ராஸ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் ரெபேக்காளுக்குப் பிடித்திருந்தது. காதில் மாட்டிய கருவியில் எங்கெங்கோ இருக்கிற ஊர்கள் மூச்சு விடுவதுபோல ஒரு இரைச்சல் கேட்கும். ஒரு லைனில் பின்னால் சேவல் கூவும். ஒன்றில் லாரி உறுமும். குற்றாலத்து பங்களாக்களின் லைனில் எப்போதும் தண்ணீர் ஓடும். கண்ணை மூடிக்கொண்டால், அவள் ஒரு பெரிய வீட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோலவும், அறைக்கு அறை ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதுபோலவும் இருக்கும்.

ஊர்க்காரர்கள் விடவில்லை. "கப்பு வாங்கின ரெபேக்காதான?" என்று லைனிலேயே கேட்பார்கள். "சினிமால எப்பம் பாடப் போற?" என்பார்கள். "நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி" என்பதுதான் அவள் பதில். அதை அவள் சொல்கிற விதத்தில் யாருக்கும் கோபம் வராது. மேற்கொண்டு கேட்கவும் தோன்றாது.

நான்கு சீசன் இப்படிப் போயிற்று.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் மழை வலுத்தது. குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விஸ்வேஸ்வரன் என்ற சினிமா இசையமைப்பாளர் தங்கியிருந்தார். ஒரு படத்துக்கு மெட்டுப் போட வந்தவர். பல்லவியை முடித்து, உதவியாளர் சந்தானகிருஷ்ணனிடம் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார். சரணத்துக்கும் ஏதோ ஒரு மெட்டைக் கொடுத்திருந்தார். மனசுக்குத்தான் அது ஒட்டவில்லை. மெட்ராஸில் ரிக்கார்டிங் வைத்திருந்த அன்று காலையில், ஈரத்துண்டோடு ஜன்னலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரியான சரணம் தானாக வந்துவிட்டது. துண்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் போனைச் சுழற்றினார்.

போன் செத்துக் கிடந்தது. மேலகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிளை முறிந்து கம்பிமேல் விழுந்திருந்தது. லைன்மேன் நல்லதம்பி விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தான். வாட்டசாட்டமான ஆள், ஆனால் பேச்சு குறைவு. எக்ஸ்சேஞ்சுக்குள் வந்தால் ரெபேக்காளிடம், "நாப்பதாம் நம்பர் சரியாயிட்டு" என்பான், போய்விடுவான். இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசியதெல்லாம் நம்பர்கள்தாம்.

பத்து மணிக்குமேல் பங்களாவின் தகடு விழுந்தது. லைன் சரியாகிவிட்டது போலும் என்று ரெபேக்காள் கயிற்றைச் செருகினாள். அவர் மெட்ராஸ் நம்பரைச் சொல்லி, அவசரம் அவசரம் என்றார். அவள் மதுரையைக் கெஞ்சி லைன் வாங்கினாள். மறுமுனையில் சந்தானகிருஷ்ணன் வந்தார். வந்தவர், "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

"தென்காசி! நான் பேசறது அவனுக்குக் கேக்கறதா?" என்றார் விஸ்வேஸ்வரன்.

"இல்ல சார். நீங்க பேசுதது எனக்குக் கேக்குது. அவங்க பேசுததும் கேக்குது. ஒங்க சத்தம் இங்கனயே நின்னு போகுது. சேதியச் சொல்லுங்க, நான் சொல்லிருதேன்."

லைன் மோசமாக இருந்தால் ஆபரேட்டர்கள் நடுவில் நின்று சேதியைச் சொல்வது வழக்கந்தான். சாவுச் சேதி, கல்யாணச் சேதி, சரக்கு விலை எல்லாம் அவள் வாய்வழியாகப் போயிருக்கின்றன.

"சேதி இல்லேம்மா. மெட்டு. மெட்டை நீ எப்படிச் சொல்லுவே?"

ரெபேக்காள் சுற்றிலும் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர யாருமில்லை. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"பாடுங்க சார்" என்றாள். "நான் திருப்பிப் பாடுதேன்."

அவர் பாடினார். தேய்ந்து, தூரத்தில் இருந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. 'வாசல் வரையில் வந்த மேகமே, வந்த வழியே போவதேன்' என்று சரணத்தின் முதலடி. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பேசும் சாவியைத் தள்ளிவிட்டு, வாயருகே இருந்த குழலில் பாடினாள்.

மெட்ராஸில் ஹலோ சத்தம் நின்றது. சந்தானகிருஷ்ணன் ஹார்மோனியத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து ஸ்வரம் எழுத ஆரம்பித்தார். "திருப்பிச் சொல்லுங்கோ" என்றார். அவள் திருப்பிப் பாடினாள். இரண்டாம் முறை 'வந்த மேகமே' என்று மேலே போனபோது, எங்கோ மதுரைக்கு அந்தப் பக்கம் இடி இறங்கியதோ என்னவோ, லைனில் கரகரவென்று இரைச்சல் புகுந்தது. அந்த இரைச்சலுக்குள் வார்த்தையை விட்டால் தொலைந்துவிடும். அவள் விடவில்லை. அந்த 'மே'யிலேயே நின்றாள். இரைச்சல் குறையக் குறைய, குரலைக் கொஞ்சங்கொஞ்சமாய் இறக்கி, படியில் கால் வைத்து இறங்குவதுபோல இறங்கி, 'வந்த வழியே' என்று அடுத்த அடிக்கு வந்தாள். மெட்ராஸில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

சரணம் முழுதும் போய்ச் சேர்ந்தது. "யாரும்மா பாடினது?" என்றார் சந்தானகிருஷ்ணன்.

"தென்காசி எக்ஸ்சேஞ்ச்" என்றாள் அவள். மெட்ராஸ் லைன் அறுந்துபோயிற்று. பங்களாவுக்கு மணியடித்து, "போயிட்டு சார்" என்று சொன்னாள். அடுத்த தகடு விழுந்தது. யாரோ பஸ் ஸ்டாண்டு நம்பர் கேட்டார்கள்.

பொங்கலுக்குப் படம் வந்தது. மெட்ராஸில் பெயர்பெற்ற ஒரு பாடகி அந்தப் பாட்டைப் பாடியிருந்தார். ஒரே மாதத்தில் அந்தப் பாட்டுப் போகாத ஊர் இல்லை. ரெபேக்காள் அதை முதலில் கேட்டது சுரண்டையில். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் புறப்படாமல் நின்றுகொண்டிருந்தது. எதிரே டீக்கடை ஒலிபெருக்கியில் பல்லவி முடிந்து சரணம் வந்தது. 'வந்த மேகமே' என்று ஏறிய குரல் அங்கேயே நின்றது. நின்று, படிப்படியாய் இறங்கியது. ரெபேக்காள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குரல் அவளுடையது இல்லை. அந்த நிற்பு அவளுடையது. கனவில் தன் வீட்டை வேறு ஊரில் பார்ப்பதுபோல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதே பஸ்ஸில், கம்பிச் சுருளைக் காலடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நல்லதம்பி நின்றிருந்தான். அவன் மெதுவாக வந்து அவள் சீட்டின் பின்னால் நின்றான்.

"இந்த நின்னு பாடுத எடம் இருக்குல்லா" என்றான். "இது ஒங்களுதுதான?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது?"

"அந்த சார் இப்படிப் பாடல. சட்டுன்னு எறங்கிட்டாரு. இரைச்சல் வந்துச்சுன்னு நீங்கதான் அதப் போக விட்டு நின்னீங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போஸ்ட்டு மேல இருந்தம்லா. கம்பிய இன்னும் முறுக்கி முடிக்கல. ரெண்டு முனையையும் சேத்துக் கொறட்டுல புடிச்சுக்கிட்டு, வேல செய்யுதான்னு கையில இருந்த டெஸ்ட் போனைக் காதுல வச்சுப் பாத்தேன். அந்த சார் பாடுனாரு, பொறவு நீங்க பாடுனீங்க." அவன் இரண்டு கையையும் இறுக மூடிக் காட்டினான். "விட்டா அறுந்துருமேன்னு அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"முழுசுமா?"

"முழுசும். முடிஞ்சதும் பங்களாவுக்கு மணி அடிச்சீங்கள்லா? அப்பம் கரண்டு பாஞ்சு கையி வெட்டிட்டு. கொறடு ஓடைல விழுந்து போச்சு."

ரெபேக்காள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மழையில், மேகத்துக்குள் பாதி மறைந்த ஒரு கம்பத்தின் உச்சியில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. மெட்ராஸில் அத்தனை வருஷம் எத்தனை பேர் முன்னால் பாடியிருப்பாள்! இப்படி ஒருவர் கேட்டதில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றாள்.

"என்னன்னு சொல்ல?" என்றான் அவன். பஸ் புறப்பட்டது. தென்காசி வரைக்கும் அவன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு வந்தான்.

அதற்குப்பிறகு லைன் சரியானதைச் சொல்ல வருகிறவன் கொஞ்சம் கூடுதலாகப் பேசினான். மே மாதம் மேலகரத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆசீர்வாதம் மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைத்தார். கம்பம் ஏறி அகன்ற தோளுக்குத் துணி போதாமல் இரண்டாம் முறை வாங்கிவர வேண்டியதாயிற்று.

மறு சீசனில் விஸ்வேஸ்வரன் வந்தார். இந்தத் தடவை போனில் கூப்பிடவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குள் வெளியாள் வரக்கூடாது என்பதால், அவள் வேலை முடிந்து வெளியே வருகிறவரை வாசலில் குடையோடு நின்றார்.

"நீதானேம்மா அது?" என்றார். "எல்லாரும் அந்த ஒரு எடத்தைத்தான் கொண்டாடறா. நான் போட்டதில்லேன்னு எனக்குத் தெரியும். சந்தானம் நீ பாடினபடியே எழுதிட்டான். ஒத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"ஒரு பாட்டு வச்சிருக்கேன். நீயே பாடு. மெட்ராஸுக்கே வந்துடு, மேல மேல வரும்."

முன்பானால் அந்த வார்த்தைக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பாள். இப்போது அவள் சாரலைப் பார்த்தாள். தெருமுனையில் நல்லதம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்பதையும் பார்த்தாள்.

"பாட வாரேன் சார்" என்றாள். "லீவு போட்டுட்டு வாரேன். தங்க மாட்டேன்."

"ஏம்மா? வேலையை நெனச்சா?"

"வேலையும்தான். எனக்கு இங்கன இருக்கப் பிடிச்சிருக்கு சார். அங்க இருந்தப்ப எந்நேரமும் எப்பம் கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருப்பேன். இங்கன எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுதாங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வற்புறுத்தவில்லை.

புரட்டாசியில் போனாள். நல்லதம்பியும் கூடப் போனான். ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றபோது, அந்த மௌனம் அவளைப் பயமுறுத்தியது. சுவரெல்லாம் மெத்தை வைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் அடைத்த அறை. அருவி இல்லை, லைனின் மூச்சு இல்லை. முதல்முறை குரல் நடுங்கியது. இரண்டாம் முறை வார்த்தை மறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. சந்தானகிருஷ்ணன். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஹலோ ஹலோ என்று கத்திய அதே குரல்.

"தென்காசி, தென்காசி. மெட்ராஸ் பேசறேன். லைன் கிளியரா இருக்கு. பாடலாம்."

வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். ரெபேக்காளும் சிரித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மேலகரம் திருப்பம் வந்தது, கம்பம் வந்தது, கம்பிகள் மேகத்துக்குள் போய் மறைகிற இடம் வந்தது. அந்தப் பக்கம் பார்த்துப் பாடினாள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நல்லதம்பி, பாட்டு முடிகிறவரை இரண்டு கையையும் முழங்கால்மேல் இறுக மூடி வைத்திருந்தான்.

அந்தப் பாட்டு முந்தையது மாதிரி ஊரெங்கும் ஒலிக்கவில்லை. படம் சுமாராக ஓடியது. ஆனால் இசைத்தட்டில் 'ரெபேக்கா' என்று பெயர் போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் அதுவும் இல்லை. இப்படிக் கொஞ்சம் பாட்டுகள் பாடினாள். லீவு போட்டுவிட்டுப் போவாள். ஞாயிறு பாடிவிட்டுத் திங்கள் ராத்திரி ரயிலேறுவாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்த ஒரு நல்ல பாட்டை விட்டுவிட்டாள். அதற்காக ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். மறுநாள் சரியாகிவிட்டது. ஆசீர்வாதம் மட்டும் தன் தையல் மிஷின் மேலே அவள் போட்டோவை மாட்டி, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "ஆமா, சினிமாலதான் பாடுதா. வேல டெலிபோன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழாம் வருஷம், சீசன் முடிகிற சமயம். செங்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கும் துல்கர்னைன் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு லைனில் காத்திருந்தார். எந்த நேரமும் அவசரத்தில் இருக்கிற மனுஷர். அவர் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மரம் அறுக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், தேய்ந்து, மழை நாளின் வெளிச்சம்போல மங்கலாக, ரெபேக்காளின் காதுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பாடிய இரண்டாவது பாட்டு. ரேடியோவில் போட்டு அவள் கேட்டதேயில்லை.

"ஏலே, அந்த ரேடியோவக் கொறையிலே! போன் பேசுதது தெரியலையா?" என்று துல்கர்னைன் கடைக்குள் கத்தினார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் ரெபேக்காள். "எனக்கு நல்லாக் கேக்குது."

"நல்ல பாட்டுத்தான். யாரு படிக்கான்னு தெரியல" என்றார் அவர்.

இன்னொரு காதில் மதுரை வந்தது. "தென்காசி, மெட்ராஸ் ரெடி, பேசச் சொல்லுங்க" என்றது.

பாட்டில் கடைசிச் சரணம் ஆரம்பித்திருந்தது. ரெபேக்காள் கயிற்றைக் கையில் எடுத்தாள். ஓட்டைக்கு அருகில் கொண்டுபோனாள். செருகாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, மெட்ராஸ் கெடச்சிட்டா?" என்றார் துல்கர்னைன்.

"இந்தா, வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றாள் அவள்.